குவியலைக் கொளுத்துவதற்கு முன்

1

எங்கள் வீட்டுக்குப் பின்னால், ஏரிக்கு இறங்கும் சரிவில், ஒரு குவியல் வளர்ந்துகொண்டிருக்கிறது. குளிர்காலத்தில் முறிந்த கிளைகள், வெட்டிப்போட்ட வேலிச்செடி, கிறிஸ்துமஸ் முடிந்து காய்ந்துபோன ஊசியிலை மரங்கள் எல்லாவற்றையும் அக்கம்பக்கத்தார் தள்ளுவண்டியில் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போகிறார்கள். ஏப்ரல் கடைசி நாள் மாலை அதைக் கொளுத்துவார்கள். பாடகர் குழு ஒன்று வசந்தத்தை வரவேற்றுப் பாடும். பாட்டு முடிந்ததும் எல்லோரும் தீயைப் பார்த்தபடி பேசாமல் நிற்பார்கள். ஸ்வீடன் முழுக்க அன்று மாலை இதுதான் நடக்கும்.

இந்த நாட்டில் தீக்கும் அனுமதி வேண்டும். காற்று பலமாக அடித்தால், புல் காய்ந்திருந்தால், கொடுத்த அனுமதியை நகராட்சி அன்றைக்கே திரும்ப எடுத்துக்கொள்ளும். அதோடு இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. முதன்முதலில் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. கொளுத்தும் நாளன்றே குவியலை முழுக்கக் கலைத்து, அடியில் உயிர் எதுவும் இல்லை என்று பார்த்து, மறுபடி அடுக்க வேண்டும். முள்ளெலிகள் அதை வீடு என்று நம்பி உள்ளே போய்ப் படுத்துக்கொள்கின்றன. ஆபத்து வந்தால் முள்ளெலி ஓடாது. சுருண்டு பந்தாகி அசையாமல் கிடக்கும். அதுவரை எல்லா ஆபத்திலிருந்தும் அதைக் காப்பாற்றிய வழக்கம் அதுதான். தீ வந்தாலும் அதையே செய்யும்.

இதை எனக்கு விளக்கியவர் பக்கத்து வீட்டு ஸ்வென். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். ஆண்டுதோறும் குவியலுக்குப் பொறுப்பு அவர்தான்.

எங்கள் சமையலறைச் சுவரில் இரண்டு நாள்காட்டிகள் தொங்குகின்றன. ஒன்று காஞ்சிபுரத்திலிருந்து வந்த தினசரி. நட்சத்திரமும் ராகுகாலமும் போட்டது. மற்றது இந்த ஊருடையது; ஒவ்வொரு தேதிக்கும் ஒரு மனிதப் பெயர் போட்டது. ஒரு நிகழ்ச்சி இரண்டிலும் எந்த நாளில் விழுகிறது என்று ஒப்பிட்டுப் பார்ப்பது என் பழைய பைத்தியம். இந்த ஆண்டு இரண்டும் ஒரே நாளில் தீயைக் காட்டின. காஞ்சிபுரத்தில், ஓரிக்கைப் பக்கமாக இருக்கும் எங்கள் தெருவின் திரௌபதி அம்மன் கோயில் தீமிதியும் அன்றைக்குத்தான். என் அண்ணன் ஏகாம்பரம் இந்த முறை முதல் ஆளாகத் தீயில் இறங்குகிறார்.

2

காப்புக் கட்டிய அன்று அண்ணன் வீடியோவில் கூப்பிட்டார். மஞ்சள் கயிறு கட்டிய மணிக்கட்டைத் திரை முழுக்கக் காட்டினார். முகம் தெரியவில்லை.

“பாத்தியாடா? கட்டியாச்சு. இனிமே எல்லை தாண்டக் கூடாது.”

“அதே மதகு வரைக்கும்தானா?”

“அதே மதகுதான். அந்தாண்ட இருக்கிற டீக்கடைக்காரன் அழுவுறான். உங்க அண்ணிக்கு நிம்மதி.”

பின்னாலிருந்து அண்ணியின் குரல் வந்தது. “எனக்கு இன்னா நிம்மதி தம்பி? அவன் போட்ட டீயெல்லாம் இனிமே நான் போடணும்.”

கயிறு கட்டியவர் திருவிழா முடியும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. தீமிதிக்குப் பிறகு கூத்தில் பட்டாபிஷேகமும் நடந்து, கோயிலில் அவிழ்த்தால்தான் விடுதலை. எங்கள் தெரு நெசவாளர்களும் அடுத்த தெரு விவசாயக் குடும்பங்களும் சேர்ந்து நடத்தும் விழா அது. பகலில் பாரதம் படிப்பார்கள். வாலாஜாபாத் பக்கத்திலிருந்து கூத்துக்காரர்கள் வந்து இரவில் ஆடுவார்கள். கடைசியில் மண்ணால் செய்து படுக்கவைத்த துரியோதனனைத் தொடையில் அடித்து வீழ்த்தி, அம்மன் கூந்தல் முடிந்த பிறகு, அன்று மாலை தீமிதி.

அண்ணன் பட்டு நெய்பவர், அறுபதைத் தாண்டிவிட்டார். சர்க்கரை நோய் வெகு காலமாக உண்டு. பல ஆண்டுகளாகத் தீ மிதிக்கிறார். எல்லோரையும் போல ஓடித்தான் கடப்பார். சென்ற ஆண்டு அவர் ஓடவில்லை.

“சுடவே இல்லடா, நெசமா. முன்னல்லாம் சுருக்குனு ஏறும், பல்லக் கடிச்சுக்கினு ஓடிருவேன். போன வருசம் பூ மேல நடக்கறாப்பல இருந்துச்சு. அம்மா ஏத்துக்கினா, அவ்ளோதான்.”

அவர் நிதானமாக நடந்து வெளியே வந்ததைப் பார்த்தவர்கள் கைக்குழந்தைகளைக் கொண்டுவந்து அவர் காலடியில் கிடத்தினார்களாம். அதனால்தான் இந்த முறை கரகத்துக்கு அடுத்த இடம் அவருக்கு. கோயில் பெரியவர்கள் வீடு தேடி வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். முதலில் இறங்குகிறவர் ஓடக் கூடாது. ஓடினால் பின்னால் வருகிறவர்களுக்குப் பயம் வந்துவிடும். கைகூப்பி, மெல்ல நடக்க வேண்டும்.

எனக்கு எதிரே என் மகள் கயல் காபி குடித்துக்கொண்டிருந்தாள். அவள் இந்த ஊர்ச் சுகாதார நிலையத்தில் செவிலி. கோப்பையை ஓசையில்லாமல் கீழே வைத்தாள்.

3

பண்டிகைகள் எங்கிருந்து வந்தன என்று தேடுகிறவன் சீக்கிரமே அடக்கம் கற்றுக்கொள்வான். பெரும்பாலான பண்டிகைகளுக்கு நாம் அறிந்த காரணம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. ஏப்ரல் கடைசி நாள் தீக்கு இங்கே ஒரு புனிதையின் பெயர் இருக்கிறது. இங்கிலாந்தில் பிறந்து, ஜெர்மன் நாட்டுக்குப் போய், மடத்துத் தலைவியாகி அங்கேயே இறந்தவர். என்னைப் போலப் புலம்பெயர்ந்தவர். அவருக்கும் தீக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அவரைப் புனிதையாக்கிய நாள் அந்தத் தேதிக்குப் பக்கத்தில் விழுந்தது, அவ்வளவுதான். மாடுகளை மேய்ச்சலுக்கு விடும் பருவத்தில் ஓநாய்களை விரட்ட மூட்டிய தீ என்கிறார்கள். ஓநாய் பயம் போன பிறகும் தீ நிற்கவில்லை.

தீயை மிதிப்பதும் நமக்கு மட்டும் உரியதில்லை. வட கிரேக்கக் கிராமங்களில் மே மாதம் புனிதர் படத்தை ஏந்திக்கொண்டு தணலில் இறங்குகிறார்கள். ஸ்பெயினின் ஒரு மலையூரில் ஜூன் மாதம் இன்னொருவரை முதுகில் சுமந்தபடி நடக்கிறார்கள். ஜப்பானில் மலைத் துறவிகள் முதலில் நடக்க, ஊர்மக்கள் பின்னால் போகிறார்கள். கூலிகளாகக் கப்பலேறிய நம்மவர்கள் ஃபிஜிக்கும் ரியூனியனுக்கும் மொரீஷியஸுக்கும் தீமிதியைக் கொண்டுபோனார்கள். துணிமூட்டையோடு ஏறியவர்கள் நெருப்புக்குழியையும் கையோடு எடுத்துப் போனது எதற்காக என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன்.

எனக்குத் தோன்றுவது இது. பண்டிகை என்பது ஊர் தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும் நாள். யார் வந்தார், யார் வரவில்லை, யார் யாரோடு பேசுவதில்லை, யார் இளைத்துவிட்டார், யார் கை நடுங்குகிறது என்பதெல்லாம் அன்று வெளிச்சத்துக்கு வரும். எல்லை தாண்டக் கூடாது என்ற விதியும் அம்மை பரவும் சித்திரை வெயிலில் ஆட்கள் ஊருக்கு ஊர் போவதைத் தடுக்கப் பிறந்திருக்கலாம். இது என் ஊகம்தான், சான்று இல்லை. ஆனால் ஊர் பார்க்கிறது என்பதற்குச் சான்று தேவையில்லை. என்னை இந்த ஏப்ரலில் தூங்கவிடாமல் செய்தது வேறொரு கேள்வி: பார்த்ததை ஊர் தப்பாகப் புரிந்துகொண்டால்?

4

கயல் இங்கே வந்தபோது பால்பற்கள் விழாத குழந்தை. சாப்பாட்டுக்கும் கோபத்துக்கும் இன்னமும் தமிழ்தான் பேசுகிறாள். வேலை, நோய், பணம், சட்டம் எல்லாவற்றுக்கும் ஸ்வீடிஷ் மொழிக்குப் போய்விடுவாள். அவள் மொழி மாறுவதை வைத்தே விஷயத்தின் கனத்தை நான் அளந்துவிடுவேன்.

மறுநாள், அண்ணன் பாரதம் கேட்கக் கோயிலுக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து, அண்ணியைக் கூப்பிட்டாள்.

“பெரியம்மா, பெரியப்பாவுக்கு நடக்கும்போது செருப்பு கழண்டு போகுதா? அவருக்குத் தெரியாமலே?”

அண்ணி சிரித்தாள். “உனுக்கு யாரு சொன்னா? ஒத்தச் செருப்போடதான் வூட்டுக்கு வருவாரு. கேட்டா எங்க வுட்டேன்னு தெரியலம்பாரு. வயசாவுது இல்ல.”

“தறியில?”

“தறியிலயா?” சிரிப்பு நின்றது. “முன்னல்லாம் பேசிக்கினே மிதிப்பாரு. இப்போ தறிக்குழிக்குள்ள குனிஞ்சு, காலு எங்க இருக்குதுன்னு பாத்துப் பாத்து மிதிக்கிறாரு. கண்ணு சரியில்லன்னு நெனச்சேன்.”

கயல் என் பக்கம் திரும்பி ஸ்வீடிஷில் பேச ஆரம்பித்தாள்.

அவள் சொன்னது சுருக்கமாக இவ்வளவுதான். சர்க்கரை நோய் பாதத்து நரம்புகளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொன்றுவிடும். வலி இருக்காது. வலி இல்லாததுதான் நோய். அவள் வேலையில் பாதி நாள் வயதானவர்களின் உள்ளங்காலை ஒரு நைலான் இழையால் தொட்டு, தெரிகிறதா என்று கேட்பதுதான். தணலை விரைவாகக் கடந்தால் தப்பிவிடலாம். எல்லோரையும் ஓடவைப்பது அந்த வலிதான். பெரியப்பாவை ஓடவைக்க இனி எதுவும் இல்லை. இந்த முறை அவர் மெல்ல நடக்கவும் வேண்டும்.

5

அன்று பிற்பகல் சரிவில் ஸ்வெனைப் பார்த்தேன். முகம் சரியில்லையே என்றார். என் அண்ணன் தீயில் இறங்கப் போகிறார் என்று ஸ்வீடிஷில் சொல்ல வந்தவன், சிதையில் வைக்கப் போகிறார்கள் என்ற பொருளில் சொல்லிவிட்டேன். ஸ்வென் தொப்பியைக் கழற்றினார். என் தோளில் கைவைத்து ஆழ்ந்த வருத்தம் தெரிவித்தார். நான் திருத்துவதற்குள் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. திருத்திய பிறகும் அவர் உடனே தொப்பியைப் போட்டுக்கொள்ளவில்லை.

6

ஒரு காலையில் அண்ணன் சாய்வு நாற்காலியில் கால் நீட்டி உட்கார, சோதனை நடந்தது. நைலான் இழைக்குப் பதிலாக விளக்குமாற்று ஈர்க்குச்சி போதும் என்றாள் கயல். அண்ணி கையில் குச்சி. கைப்பேசி ஒரு செம்பின்மேல் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது.

“கண்ண மூடிக்கணுமா? இன்னாடா இது, கண்ணாமூச்சி ஆட்டமா?”

“மூடிக்கோங்க பெரியப்பா. பெரியம்மா தொடும்போது சொல்லுங்க.”

“அவ தொட்டா தெரியாதா? கல்யாணம் ஆன நாள்லேர்ந்து குத்திக்கினுதான் இருக்கிறா.”

அண்ணி பெருவிரலின் அடியில் வைத்து அழுத்தினாள். ஈர்க்குச்சி வளைந்தது. பிறகு விரல்களின் அடிப்பகுதி. பிறகு உள்ளங்காலின் நடு. குதிகால். அடுத்த கால். அண்ணன் கண்களை இறுக மூடி, வாயோரம் சிரிப்போடு, காத்திருந்தார். அண்ணி ஒரு முறை நிமிர்ந்து கைப்பேசியைப் பார்த்தாள். மறுபடி முதலிலிருந்து தொட்டாள்.

“இன்னாமா, ஆரம்பிக்கலாம் இல்ல?” என்றார் அண்ணன்.

அவர் கண்ணைத் திறந்தார். குச்சியின் நுனி குதிகாலில் அழுந்தி இருந்தது. அதை வெகுநேரம் பார்த்தார்.

“அப்போ போன வருசமும் இதானா?”

கயல் தலையசைத்தாள்.

“பெரியப்பா, இந்த வருசம் இறங்காதீங்க. ப்ளீஸ்.”

“காப்புக் கட்டிக்கினேன் கண்ணு.”

“கழட்ட முடியாதா?”

“நடுவுல கழட்டனதில்ல.” பிறகு குரல் தாழ்ந்தது. “கழட்டறேன்னே வெச்சுக்க. அந்தப் புள்ளைங்கள தூக்கிக்கினு வந்து எங்கால்ல போட்டாங்களே. அவங்ககிட்ட இன்னானு சொல்றது? அம்மா இல்ல, சுகர்ன்னா?”

நான் கோயில் பெரியவர்களிடம் பேசட்டுமா என்று கேட்டேன்.

“பேசு. அப்புறம் இந்தத் தெருப் பக்கம் வராத.” அவர் சிரிக்காமல் சொன்னார்.

“அப்போ ஓடியாவது போங்க,” என்றாள் கயல். “நிக்காதீங்க. யார் என்ன சொன்னாலும் ஓடிடுங்க.”

“மொத ஆளு ஓடக் கூடாதும்மா.”

அண்ணி குச்சியை விளக்குமாற்றிலேயே செருகிவைத்தாள்.

கோயில் பெரியவர்களிடம் நான் ஏன் பேசவில்லை என்று ஊரில் இருக்கும் நீங்கள் கேட்கலாம். ஊரில் இருந்திருந்தால் அவர் காலைப் பிடித்திருப்பேன். இங்கிருந்து ஒரு தொலைபேசியில் அவருடைய பெயரைப் பறிக்க எனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை. கயல் இதை ஒப்புக்கொள்ளவில்லை. “உயிருக்கு ஆபத்துன்னா உரிமை எதுக்கு அப்பா?” என்றாள், ஸ்வீடிஷில். எங்கள் இருவருக்கும் இடையில் வளர்ந்திருக்கும் தூரத்தை அவ்வளவு தெளிவாக நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அவள் சொன்னதுதான் சரியோ என்று இப்போதும் எனக்குத் தோன்றுகிறது.

7

கடைசி நாள் வந்தது. காற்று இல்லை, அனுமதி நிலைத்தது. பிற்பகலில் அக்கம்பக்கத்தார் கையுறைகளோடு சரிவில் கூடிக் குவியலைக் கலைக்கத் தொடங்கினார்கள். காஞ்சிபுரத்தில் அப்போது மாலை. அண்ணி கைப்பேசியில் காட்டுவதாகச் சொல்லியிருந்தாள். வீட்டில் உட்கார்ந்திருக்க முடியாமல் நானும் கயலும் சரிவுக்கே வந்துவிட்டோம்.

குவியலின் அடிப்பகுதிக்கு வந்தபோது ஸ்வென் கையை உயர்த்தி எல்லோரையும் நிறுத்தினார். மண்டியிட்டு, சருகுகளை விரலால் விலக்கினார். பழுப்பு நிறத்தில் ஒரு பந்து. அசையவில்லை. இரண்டு கையாலும் ஏந்தி, வேலியோரம் கொண்டுபோய், ஈரமான இலைகளுக்குள் இறக்கி வைத்துவிட்டு வந்தார். யாரும் கைதட்டவில்லை. ஆண்டுதோறும் நடப்பதுதான்.

அந்நேரம் கைப்பேசி அடித்தது.

முதலில் பம்பைச் சத்தமும் புகையும் மட்டும். பிறகு கூட்டத்தின் தலைகளுக்கு மேலே அண்ணி கையை உயர்த்திப் பிடித்திருக்க வேண்டும், குழி தெரிந்தது. நீறு பூத்த தணலை முறத்தால் விசிறிச் சமன் செய்துகொண்டிருந்தார்கள். விசிறும்போதெல்லாம் அது சிவந்து மங்கியது. கரகம் இறங்கிக் கடந்தது. அடுத்து அண்ணன், மஞ்சள் வேட்டி, கூப்பிய கை.

நடந்தார். ஓடவில்லை. “ஓடுங்க,” என்று கயல் முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். குழியின் நடுவில் அவர் நின்றார். தலை குனிந்தார். கூட்டம் அதைப் பார்த்துக் குலவையிட்டது. அம்மனை வணங்குகிறார் என்று நினைத்திருப்பார்கள். பக்கத்தில் இருந்த யாரோ ஒரு பெண், “பாருடி, நெருப்புல நின்னு கும்பிடறாரு,” என்றது எங்களுக்குக் கேட்டது.

அவர் கும்பிடவில்லை. கால்கள் எங்கே இருக்கின்றன என்று தேடினார். தறிக்குழிக்குள் குனிந்து பார்ப்பதைப் போல.

பிறகு மறுபடி நடந்து, பால் ஊற்றிய பள்ளத்தில் இறங்கி, வெளியே வந்தார்.

8

அவரை நாற்காலியில் உட்காரவைத்து மாலைமேல் மாலையாகப் போட்டார்கள். மோவாய்வரை பூ. அண்ணி குடத்து நீரோடு முன்னால் வந்து மண்டியிட்டாள். மஞ்சளும் சாம்பலும் கழுவுகிற பாவனையில் ஒரு காலைத் தூக்கி, கைப்பேசியை உள்ளங்காலுக்குக் கீழே கொண்டுபோனாள்.

கயல் திரையை முகத்துக்கு அருகில் கொண்டுபோய்ப் பார்த்தாள். முதலில் வந்தது ஒரு ஸ்வீடிஷ் சொல். பிறகு தன்னை அடக்கிக்கொண்டு தமிழில் சொன்னாள்.

“பெரியம்மா, சுண்டுவிரலுக்குக் கீழ வெள்ளையா இருக்குது பாருங்க. செவப்பா இருந்தாக்கூடப் பரவால்ல. தண்ணி ஊத்திக்கிட்டே இருங்க. எதையும் தடவ விடாதீங்க. இன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போகணும்.”

“எல்லை தாண்ட மாட்டாரு,” என்றாள் அண்ணி. உதடு அசையாமல், பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்காமல் பேசினாள். “டாக்டரம்மாவ இங்க வரச் சொல்லியிருக்கிறேன். இவருதான தாண்டக் கூடாது, அவங்க தாண்டலாம் இல்ல? காலையிலயே ஆள் அனுப்பிட்டேன். கூட்டத்துல வண்டி மதகாண்ட நின்னுபோச்சாம். நடந்து வந்துக்கினு இருக்காங்க.”

“அதுவரைக்கும் அவர உள்ள கூட்டிப் போயிடுங்க.”

“எப்படிக் கூட்டிப் போறது? வரிசையப் பாரு.”

கைப்பேசியைத் திருப்பினாள். கோயில் வாசலைத் தாண்டித் தெருமுனை வரைக்கும் ஆட்கள். பெண்கள் இடுப்பில் குழந்தைகள். சென்ற ஆண்டைவிட நீளமான வரிசை என்று நினைக்கிறேன். எங்கள் பின்னால் ஸ்வெனும் மற்றவர்களும் கிளைகளை மறுபடி அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அந்த அடுக்குகிற ஓசையின் நடுவே நாங்கள் இருவரும் அந்தச் சிறிய திரையைப் பார்த்தபடி நின்றோம்.

அண்ணி கைப்பேசியை நாற்காலிக் காலருகே சாய்த்து வைத்துவிட்டு, ஈரத்துணியால் அவர் பாதங்களை மூடி, பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். முதல் பெண் வந்து குனிந்து, துணியின்மேல் நெற்றியை வைத்தாள். அண்ணன் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். மாலைகளுக்குக் கீழே குனிந்திருந்தவள் அவர் கண்ணுக்குத் தெரியவில்லை; தொட்டது காலுக்கும் தெரியவில்லை. அந்தப் பெண் நிமிராமல் ஆசிக்குக் காத்திருந்தாள்.

அண்ணி அவரைப் பார்த்து மெல்லத் தலையசைத்தாள். அதைப் பார்த்த பிறகு அவர் கையை உயர்த்தினார்.

அடுத்தவர் குனிந்தார். அண்ணி தலையசைத்தாள். அவர் கையை உயர்த்தினார்.